உன் பெயரில் நான் சொன்னது

நேற்று முற்பகல் மெத்தைகள் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மலை ஏறி வந்தது. எஸ்டேட்டின் பெரிய பங்களா இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாகப் போகிறது, அதற்கான மெத்தைகள். வழியில் மழை பிடித்துக்கொண்டதால் டிரைவர் என் டிஸ்பென்சரி வராந்தாவில் அவற்றை இறக்கி அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். எல்லாம் தேங்காய் நார் மெத்தைகள். நனைந்த நாரின் வாசனை உள்ளே வந்தபோது நான் ஒரு பெரியவருக்காக ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. மருந்தில் ஏதும் கோளாறா என்று அந்த மனிதர் பயந்துபோய்க் கேட்டார். மருந்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிக் குத்தினேன். கொஞ்சம் அழுத்திக் குத்திவிட்டேன் போலிருக்கிறது, முனகினார்.

அந்த வாசனையை நீயும் நானும் ஒரே ஒரு முறைதான் சேர்ந்து முகர்ந்தோம். கடலோரத்தில், அந்த மாடி வீட்டில். பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. உனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், நீ படிக்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் நான் உன்னை ‘நீ’ என்றேன், நீ என்னை ‘நீங்க’ என்றாய். நான் சேலத்திலிருந்து வந்த, சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண், வெள்ளைச் சேலை கட்டிய நர்சம்மா. நீ மாரமங்கலத்தில் கேழ்வரகும் அவரையும் போட்டுக்கொண்டு, பழ நாளில் எஸ்டேட்டுக்குக் காப்பி பறிக்க வருகிறவள். மிளகுக் கொடி ஏறும்போது ஏணி சரிந்து உன் முழங்கை கிழிந்ததே, அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஏழு தையல் போட்டேன். நீ கத்தவில்லை. என்னைப் பார்த்து, ‘நீங்க ஏனுங்க அழுவறீங்க?’ என்று கேட்டாய். அதன்பிறகு நீ வராத ஞாயிறு எனக்கு ஞாயிறாகவே இருந்ததில்லை.

என் குவார்ட்டர்ஸ் கரட்டு மேட்டில், தகரக் கூரையோடு இருந்தது. ஒரு ஐப்பசிக் காற்றில் நீ ஓடி வந்து என்னைத் தரதரவென்று பள்ளத்துக்கு இழுத்துப் போனாய். உங்கள் வீடுகளெல்லாம் பள்ளத்தில்தான் இருக்கின்றன, மாடு கன்றைக்கூட அங்கேதான் ஓட்டுவீர்கள். மேட்டில் இருப்பதைத்தான் காற்று பிடுங்கும் என்றாய். விடிந்து வந்து பார்த்தால் கூரையில் பாதி இல்லை, என் கட்டில்மேல் ஒரு சில்வர் ஓக் மரம் படுத்திருந்தது. அன்றிலிருந்து காற்று என்றால் பள்ளம் என்பது எனக்கு வேதவாக்கு. மலைக்காரிகளைவிட நான்தான் அதிகமாக அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீயே கேலி செய்திருக்கிறாய்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. எஸ்டேட்டை விற்றுவிட்டு ஸ்காட்லாந்துக்கே திரும்பிப் போன கடைசித் துரைசாணி எழுதியிருந்தார். அவருடைய தாத்தாவின் தகப்பனார்தான் முதலில் இங்கே காப்பி வைத்தவர். அவர் கப்பலில் வந்து இறங்கிய கடற்கரை ஊரிலேயே அவருடைய இளம் மனைவி காய்ச்சலில் போய்விட்டாளாம். எந்த மலைக்கு வருவதற்காகக் கடல் தாண்டினாளோ அந்த மலையைக் கண்ணால் பார்க்கவில்லை. அவள் கல்லறையின் தலைமாட்டில் நம் எஸ்டேட் காப்பிச் செடி ஒன்றை வைத்துவிட்டு வர முடியுமா என்று கேட்டிருந்தார். அவருடைய தாயாரைக் கடைசி நாட்களில் நான்தான் பார்த்துக்கொண்டேன். என்னைவிட்டால் கேட்க ஆள் இல்லை.

நான் நட்டால் எதுவும் பிழைக்காது. அதனால் உன்னைக் கூப்பிட்டேன். நாற்றைப் பையோடு தூக்கிப் பார்த்துவிட்டு, ‘ஏனுங்க நர்சம்மா, உப்புக் காத்துல காப்பி நிக்குமுங்களா?’ என்றாய். நிற்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் நீ கடல் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை என்பதை உன்னிடம் சொல்லவில்லை. உன் மகள் தங்கமணிக்கு அப்போது ஆறு வயது. அவளை உன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, பழம் பறிப்பு தொடங்குமுன் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம்.

அந்த ஊரின் பெயரை இன்றைக்கும் வாயால் சொல்ல எனக்குப் பிடிக்காது. ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாம். நாம் போனபோது கூரை போன கிடங்குகளும், தலை உடைந்த கலங்கரை விளக்கமும், சிலுவை வைத்து ஸ்காட்லாந்து வியாபாரிகள் கட்டிய ஒரு கல் கோயிலும்தான் மிச்சம். கோயில் வாசல் வளைவில் முள்ளுப்பூ ஒன்று செதுக்கியிருந்தது. நம் பங்களா வாசலிலும் அதே பூ இருக்கிறது என்று நீதான் கண்டுபிடித்தாய். அது அவர்கள் தேசத்துப் பூ என்று நான் சொன்னதற்கு, பிரம்மதண்டு மாதிரி இருக்கிறது, இதைப் போய் எவன் வாசலில் வைப்பான் என்று சிரித்தாய். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. படகுகளை வழக்கத்துக்கு மேலேயே கரையேற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் சேற்று நிறத்தில் இருந்தது. கடல் நீலம் என்று பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லிவிட்டார்களே என்று நான் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு மண் மேட்டின்மேல், வியாபாரி ஒருவன் கட்டிய பழைய மாடி வீடு. அதைத்தான் வருகிறவர்கள் தங்க வாடகைக்கு விட்டிருந்தார்கள். காவல்காரரும், மீன்காரர் வீட்டில் பிறந்த அவர் மனைவி லூர்தம்மாவும் அங்கேயே இருந்தார்கள். மாடியில் நமக்கு ஓர் அறை, இரண்டு நார் மெத்தை. ஈரம் ஊறிப்போன மெத்தை. முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் படுப்பதற்குத் தரையே மேல் என்று நீ சேலையை விரித்துவிட்டாய்.

மறுநாள் காலையில் செடி வைக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மணல் மேட்டுக்குப் பின்னால், நம் ஊர்ப் பள்ளம் போலவே அடங்கிக் கிடந்த இடம், சுற்றிலும் இடுப்பளவு மதில். காவல்காரர் அடையாளம் சொன்ன இடத்தில், உப்பு தின்று எழுத்தே தெரியாத கல்லாக நின்றிருந்தாள் அந்த இளம் மனைவி. நான் குழி தோண்டச் சொன்னேன். நீ தோண்டவில்லை. முதலில் லூர்தம்மாவைக் கூட்டி வந்து, ‘உங்க மண்ணுல கை வெக்கலாமுங்களா?’ என்று கேட்டாய். அந்தம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டிய பிறகுதான் கொத்தைக் கையில் எடுத்தாய். செத்துப்போன வெள்ளைக்காரி இடத்தில் செடி வைக்க மீன்காரியிடம் உத்தரவா என்று உன்னைக் கேலி செய்தேன். நீ வேரில் மண்ணை அணைத்துக்கொண்டிருந்தாய்.

மதியத்துக்கு மேல் காற்று தொடங்கியது. காவல்காரர் ஏதோ கேள்விப்பட்டு, கோயிலைத் திறந்து ஜனங்களை ஏற்றுவதற்காக ஓடினார். நாம் மூன்று பெண்களும் மாடியில் இருந்தோம். ஒரு மணி நேரத்தில் ஓடுகள் பறக்க ஆரம்பித்தன. பிறகு ஒரு ஜன்னல் சட்டத்தோடு கழன்று போய்விட்டது. எனக்கு அந்தப் பழைய ராத்திரியும், கட்டில்மேல் கிடந்த மரமும்தான் கண்ணில் நின்றன. மேட்டில் இருக்கிறோம், மாடியில் இருக்கிறோம், கூரை போய்க்கொண்டிருக்கிறது. ஜன்னல் இருந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் புல் அசையவே இல்லை.

கீழே அந்தப் பள்ளத்துக்குப் போய்விடலாம் என்றேன். லூர்தம்மா என் கையைப் பிடித்தார். ‘காத்துக்குப் பயப்படாதீங்கம்மா. செவுரு நிக்கும். கீழ மட்டும் எறங்காதீங்க’ என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் அடுத்தவர்களுக்கு உத்தரவு போட்டே பழகியவள். மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும் என்று யாராவது கேட்டால் எரிந்து விழுகிறவள். ஒரு விடுதிக் காவல்காரர் மனைவி சொல்லி நான் உட்காருவதா?

நீ லூர்தம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். ‘அந்தம்மா வேண்டாங்குதுங்களே’ என்றாய். மேட்டில் இருப்பதைத்தான் காற்று பிடுங்கும் என்று நீதானே சொன்னாய் என்று கத்தினேன். ‘அது நம்ம மலைங்க. இது அவங்க மண்ணுங்க. அவங்க சொல்றதக் கேப்போமுங்க’ என்றாய். உன் குரலில் பயம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நீ வராவிட்டால் இரு, நான் தனியாகப் போகிறேன் என்று படியில் இறங்கினேன். பாதிப் படியில் பின்னால் உன் காலடிச் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பேச்சு ஜெயித்த சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

பள்ளத்தில் காற்றே இல்லை. தலைக்கு மேலே ரயில் ஓடுவதுபோல அது போய்க்கொண்டிருந்தது. நம் சேலை முந்தானை ஆடவில்லை. மதிலில் சாய்ந்து உட்கார்ந்து, பார்த்தாயா என்று உன்னிடம் பெருமையடித்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சுண்டுவிரல் அளவு நண்டுகள் வளைகளிலிருந்து வெளியே வந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லறைக் கற்களின்மேல் ஏறிக்கொண்டிருந்தன. முதலில் ஐந்தாறு. பிறகு எண்ண முடியவில்லை. நீ காலையில் வைத்த காப்பிச் செடியின் தண்டில்கூட இரண்டு தொற்றிக்கொண்டிருந்தன. ‘எல்லாம் மேல போவுதுங்க’ என்றாய். மழைக்குப் போகிறது என்றேன்.

நாம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். மணல் மேடு மறைத்துக்கொண்டிருக்கிறது, அதைத் தாண்டி எதுவும் வராது என்று நினைத்தேன். தண்ணீர் முதுகுப்பக்கமிருந்து வந்தது. ஊருக்குப் பின்னால் ஒரு கழிமுகம் இருப்பதே நமக்குத் தெரியாது. கடல் அதன் வழியாக உள்ளே புகுந்து, சத்தமே இல்லாமல், புல்லுக்கிடையில் நடந்து வந்தது. கணுக்காலில் குளிர்ந்தபோது மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தது நீதான். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வாசல் பக்கம் போக முடியவில்லை, அங்கிருந்துதான் வெள்ளம் வந்தது. இடுப்புக்கு ஏறியதும் நீ என்னைத் தூக்கி, இருப்பதிலேயே உயரமான கல்லறை மேடையில் ஏற்றினாய். காப்பி மூட்டை தூக்குகிற தோள் உனக்கு. நான் கையை நீட்டினேன். நீ பிடித்தாய். அப்போது சவுக்கு மரம் ஒன்று வேரோடு மிதந்து வந்து உன்மேல் மோதியது. கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று பிறகு எல்லாரும் என்னைக் கேட்டார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். பிறகு என் கையில் உன் வளையல் கீறின கோடு மட்டும் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் லூர்தம்மாதான் முதலில் ஓடிவந்து என்னை இறக்கினார். அந்த மாடி வீட்டுச் சுவர் நின்றது. அவர் சொன்னபடியே நின்றது. உன்னை மறுநாள் இரண்டு வயல் தள்ளி வேலிமுள்ளில் கண்டெடுத்தார்கள். சாலையெல்லாம் அறுந்து கிடந்தது. மலைக்குக் கொண்டுவர வழியில்லை. கோயில்காரர்களைக் கேட்டு அங்கேயே வைத்தோம்.

நான்காம் நாள் உன் வீட்டுக்காரர் வந்தார். பாதி வழி நடந்தே வந்திருக்கிறார். மண்ணைப் பார்த்து நின்றார், அழவில்லை. பிறகு என்னிடம் வந்து, என்னங்க ஆச்சு என்று கேட்டார். வாயில் உண்மை வந்தது. வந்த உண்மையை விழுங்கிவிட்டு, பள்ளத்துக்குப் போய்விடலாம் என்று நீ சொன்னாய், அதனால் போனோம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ நோயாளிகள் என்னைப் பார்த்திருக்கிறார்கள், அப்படி ஒருவர் பார்த்ததில்லை. ‘செரிங்க’ என்றார். அவ்வளவுதான். அவர் லூர்தம்மாவோடு சிறிது நேரம் நின்று பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். லூர்தம்மா உண்மையைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியானால் லூர்தம்மா சொல்லவில்லை என்று முடிவு கட்டி நிம்மதியானேன்.

என் பொய்யை மலை உடனே நம்பிவிட்டது. நம்பாமல் என்ன, மலைக்காரி சொல்லக்கூடிய பேச்சுதானே அது? கடலுக்குப் போய் மலைப் புத்தியைக் காட்டினாள் என்றார்கள். நர்சம்மாவையும் கொல்லப் பார்த்தாள், ஆண்டவன் காப்பாற்றினான் என்றார்கள். கொட்டச்சேட்டிலும் கரடியூரிலும் துடுக்குத்தனம் செய்கிற பெண் பிள்ளைகளை உன் பெயரைச் சொல்லித் திட்டுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டபடியே ஊசியைக் கொதிக்க வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் போன வருஷம் போய்விட்டார். நான்தான் கடைசிவரை பார்த்தேன். அப்போதும் அவர் கேட்கவில்லை.

நேற்று அந்த மெத்தைகள் வராந்தாவில் இருந்தபோதே தங்கமணி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, மூன்று நாளாய்க் காய்ச்சல். வங்கக் கடலில் புயல் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரங்கள் சத்தம் போட ஆரம்பித்திருந்தன. பேச்சுவாக்கில் அவள், இந்தக் குழந்தையும் பாட்டி மாதிரி அவசரக் குடுக்கை, யார் சொன்னாலும் கேட்காது என்றாள். இந்த ஒரு வருஷமாக என் முன்னால் உட்காரும்போதெல்லாம் உன்னைப் பற்றி இப்படி ஏதாவது ஒன்று சொல்லாமல் அவள் போனதில்லை. நேற்று, அந்த நாற்றத்துக்கு நடுவில், என்னால் தாங்க முடியவில்லை. உன் அம்மா போக வேண்டாம் என்றாள், நான்தான் இறக்கிக் கூட்டிப்போனேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு உன் அப்பாவிடம் மாற்றிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவள் குழந்தையின் சட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

‘அப்பாவுக்குத் தெரியுமுங்க’ என்றாள். ‘அடுத்தவங்க மண்ணுல அந்த ஊராளக் கேக்காம உங்கம்மா ஒரு எட்டு வெக்க மாட்டான்னு சொல்லுச்சுங்க. அந்தக் கடக்கரையம்மாவும் சொல்லிருச்சாமுங்க.’

அப்படியானால் ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

‘கேட்டா நீங்க மலைய வுட்டே போயிருப்பீங்களாமுங்க. அந்த வருசம் ஊரெல்லாம் காய்ச்சலுங்க. செத்தவ பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது, நர்சம்மா போயிட்டா புள்ளைங்கள ஆரு பாக்கறதுன்னு அப்பா இருந்துட்டாருங்க. சாவறதுக்கு முன்னாலதான் எங்கிட்டச் சொன்னாரு. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னு நானும் பாத்துட்டே இருந்தேனுங்க.’

உன் கண் அவளுக்கு. இதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. குழந்தையைப் பரிசோதித்தேன், நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஊசி போட்டேன். ஊராரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிடுகிறேன், வருகிற ஞாயிறே மாரமங்கலம் வருகிறேன் என்றேன். உன் பெயரைச் சுத்தப்படுத்திவிட்டால் எனக்கும் மூச்சு விட முடியும் என்று நினைத்தேன். அப்போதும் என் மூச்சைத்தான் நினைத்தேன்.

தங்கமணி குழந்தையைச் சேலையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். வெளியே காற்றைப் பார்த்தாள்.

‘இப்ப வேண்டாமுங்க நர்சம்மா. தெரிஞ்சா உங்ககிட்ட ஆரும் புள்ளையத் தூக்கிட்டு வரமாட்டாங்க. இந்தக் காய்ச்சக் காலம் போவட்டுமுங்க.’

மாத்திரையை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். மூன்று வேளை என்றேன். சரி என்று மழையில் இறங்கிப் போனாள்.

அவள் போட்ட கட்டளையைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன். பதினெட்டு வருஷம் உன் பெயரில் சொன்ன பொய்யைப் பயந்துகொண்டு வைத்திருந்தேன். இனி உன் மகள் சொன்னதற்காக வைத்திருக்க வேண்டும். இன்று காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் ஒன்பது தாய்மார்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். இந்த மலையில் காய்ச்சல் இல்லாத மாதம் எது என்று எனக்கு ஒரு தடவை சொல்லேன்.